கோட்டு சூட்டில் கானா

இசைக்குழு பிரபலமாக நல்ல பாட்டு மட்டும் போதும் என்பவர்களிடம் ஒரு கேள்வி. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் ஏன் தோல் ஜாக்கெட்டைக் கழற்றினார்கள்? மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் 1962இல் நால்வருக்கும் ஒரே மாதிரி சூட் மாட்டிவிட்டார், பாட்டு முடிந்ததும் சேர்ந்து குனிந்து வணங்கச் சொன்னார். அதே காலத்து இன்னொரு குழுவான ரோலிங் ஸ்டோன்ஸை அவர்களுடைய மேலாளர் நேர் எதிராக, அடங்காத பசங்க என்றே விற்றார். இரண்டுமே ஓடின!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில், சாதிக்கு எதிராகப் பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது அவர்களும் சூட்தான். ஆனால் கணக்கு வேறு. பீட்டில்ஸுக்கு அது பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் உடை. இங்கே பார்த்தவுடன் அம்பேத்கர் நினைவுக்கு வந்தார். சாவு வீட்டுப் பாட்டு என்று சபாக்காரர்கள் ஒதுக்கிய கானா, கோட்டு போட்டுக்கொண்டு கிட்டாரோடும் ராப்போடும் நின்றது. (அதுவும் கச்சேரி மாதமான மார்கழியிலேயே என்பது கூடுதல் குறும்பு.) அந்தக் கூட்டத்தில் தனியொரு பெண்ணாகப் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

பிம்பம் என்றாலே பித்தலாட்டம் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த மாலை கீழ்ப்பாக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் கண்ணில் பட்டது என்ன, கமெண்ட்டில் சொல்லுங்க.