மேலே என்ன சாமி?

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம் என்னைப் படுத்தி எடுத்தது குளிர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. கடை எல்லாம் அடைப்பு. வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்கும். மிக்சி ஓட்டினால் பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து சட்னியைச் சனிக்கிழமையே அரைத்துவைத்த ஆள் நான்.

திங்கட்கிழமை அலுவலகம் போனால், “நேற்று என்ன செய்தாய்?” என்று எல்லாரும் கேட்பார்கள். நான் தூங்கினேன் என்பேன். அவர்களோ, “சும்மா காட்டுக்குள் நடந்தோம், பதினெட்டு கிலோமீட்டர்” என்பார்கள். இந்தச் ‘சும்மா’தான் எனக்குப் பிடிபடவில்லை.

மலை எனக்குப் புதிது கிடையாது. சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையில் இருந்து சதுரகிரி ஏறிப் பழகிய கால்கள். ஆனால் எங்கள் ஊரில் மலைக்குப் போவதென்றால் சாமி கும்பிடப் போவது. உச்சியில் ஒன்றும் இல்லாத மலையில் யாராவது வேலை மெனக்கெட்டு ஏறுவார்களா?

ஒரு நவம்பர் ஞாயிறு, வீட்டுச் சுவரைப் பார்த்துச் சலித்துப்போய் யூ3 ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தமான ஹோஹெமார்க்கில் இறங்கினேன். நகரத்து மெட்ரோ போலக் கிளம்பிய ரயில், கொஞ்ச நேரத்தில் ஊரைத் தாண்டிக் காட்டின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து டவ்னுஸ் மலை அடிவாரம் ஆரம்பம். மரத்துக்கு மரம் வண்ண அடையாளங்கள். 1868-இல் தொடங்கிய டவ்னுஸ் கிளப் என்ற மலைநடைச் சங்கத்தின் ஆட்கள் போட்டுப் பராமரிப்பவை. ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது என்றார்கள். நான் பாதி வழியில் வேறு நிறத்துக்கு மாறிவிட்டேன் என்பது தனிக்கதை. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் வணக்கம் சொன்னார்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகம் பார்க்காத அதே மனிதர்கள்தான்.

இரண்டரை மணி நேரம் நடந்து ஆல்ட்கோனிக் உச்சிக்கு வந்து சேர்ந்தேன். 798 மீட்டர். கோயில் இல்லை, மணி இல்லை, டீக்கடைகூட இல்லை. மரங்களுக்கு நடுவே, மலையைச் சுற்றி வளைத்தாற்போல் ஒரே கற்குவியல். ஏதோ சரிவில் உருண்டு வந்த கல் என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தேன். தெற்கே மரங்களின் இடைவெளியில் ஃபிராங்க்ஃபர்ட்டின் வங்கிக் கோபுரங்கள் தீக்குச்சி மாதிரி நின்றன. அதில் எந்தப் பக்கம் என் வீடு என்று தேடினேன். சாப்பிட்டு முடித்ததும், கை தானாக மூன்று கல்லை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சதுரகிரிப் பாதையில் எல்லாரும் செய்வதுதான். கல் அடுக்கினால் சொந்த வீடு அமையும்.

“அதை எடுத்த இடத்தில் வையுங்கள்!”

திரும்பினால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், கையில் ஊன்றுகோல். படபடவென்று பேசினார். என் ஜெர்மனுக்கு அதில் பிடிபட்டது ‘டெங்க்மால்’ என்ற ஒரு சொல்தான். நினைவுச்சின்னம். எது நினைவுச்சின்னம்? சுற்றிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்ததுதான்.

கல்லை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது. கோலை நீட்டி வளைவைக் காட்டினார். அது ஐரோப்பாவின் பழைய குடிகளான கெல்ட் மக்கள் கி.மு. 400 வாக்கில் கட்டிய கோட்டை மதில். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம். மரச்சட்டம் கட்டி அதற்குள் கல்லை நிரப்பியிருக்கிறார்கள், சாந்து கிடையாது. மரம் உளுத்ததும் மதில் சரிந்து கற்குவியலாகிவிட்டது. சொன்னபிறகுதான் வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தபின் அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கீழடியில் சனங்கள் குடியிருந்த அதே காலத்துச் சுவரின்மேல் உட்கார்ந்து நான் அப்பளம் நொறுக்கியிருக்கிறேன். போகும்போது பெரியவர், “சாப்பாடு நல்ல வாசனை” என்றார். ஒரு கவளம் கொடுத்திருக்கலாம், தோன்றவில்லை.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“மேல என்ன சாமிடா?”

“சாமி இல்லம்மா. இடிஞ்ச மதில்.”

“இடிஞ்ச மதிலுக்கா அவ்வளவு தூரம் ஏறுன?”

அதற்கப்புறம் நாலு வருஷத்தில் அடிவாரத்து ஊர்கள் எல்லாம் பழகிவிட்டன. அக்டோபரில் குரோன்பெர்க் போவோம். எஸ்4 ரயிலின் கடைசி நிறுத்தம். கோட்டையைப் பார்த்துவிட்டு, முள் தோலை ஷூவால் மிதித்துப் பிளந்து கஷ்கொட்டை (செஸ்ட்நட்) பொறுக்கி வருவோம். கீறல் போட்டு வேகவைத்தால் பனங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நடுவில் ஒரு ருசி. கோனிக்ஸ்டைன் கோட்டை 1796-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாதி சாய்ந்த சுவர்களில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடலாம். எல்லாரும் புகழும் பெரிய ஃபெல்ட்பெர்க் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. டவ்னுஸில் அதுதான் உயரம், சுமார் 880 மீட்டர். ஆனால் உச்சி வரை கார் போகும், வெயில் நாளில் பைக் இரைச்சல் வேறு. அதற்குக் கீழே ஃபுக்ஸ்டான்ஸ் என்ற சந்திப்பில் சூடாக ஒரு சூப் குடித்துவிட்டுத் திரும்பினால் போதும்.

2018-க்குப் பின் வந்த வறட்சியாலும் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டுகளாலும் ஊசியிலை மரங்கள் சரிவு சரிவாகச் செத்துவிட்டன. முன்னால் இருட்டுக் காடாக இருந்த இடத்தில் இப்போது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. நல்ல காட்சி என்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நானும் எடுத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம்தான். டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும், மூன்றுக்கே இறங்கத் தொடங்குங்கள். அப்புறம் உண்ணி. ஊரில் மாட்டின் காதில் பார்த்த அதே சங்கதி, இங்கே புல்லில் இருந்து நம் காலில் ஏறும். என் முழங்காலுக்குப் பின்னால் எள் அளவில் ஒன்று ஒட்டியிருந்ததை மச்சம் என்று இரண்டு நாள் விட்டுவைத்தேன். மச்சத்துக்குக் கால் முளைத்ததும்தான் அலறினேன். குறடு மாதிரி சின்னக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும். தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுக்கணும். கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

போன கோடையில் அம்மா மூன்று மாத விசாவில் வந்தார். மூட்டுவலி, ஆல்ட்கோனிக் முடியாது. நண்பரின் காரில் ஜால்பூர்க் கூட்டிப்போனோம். ரோமானியர்கள் தங்கள் பேரரசுக்கு வேலியாகப் போட்ட லீமெஸ் எல்லை ரைன் நதியில் இருந்து டான்யூப் வரை சுமார் 550 கிலோமீட்டர் ஓடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன்மேல் இருந்த காவல் கோட்டைகளில் ஒன்றுதான் ஜால்பூர்க். அதை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1897-இல் தொடங்கிப் பத்து வருஷத்தில் மறுபடி கட்டியெழுப்பினார். பழசைத் திரும்பக் கட்டலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கற்குவியலைக் காட்டி அம்மாவை நம்பவைப்பதைவிட இது எளிது.

வாசலில் அந்தோனினஸ் பயஸ் பேரரசரின் வெண்கலச் சிலை. அம்மா செருப்பைக் கழற்றப் போனார்.

“அது ராஜாம்மா.”

“இருக்கட்டும்” என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அம்மாவை நிறுத்தியது கோட்டையோ சுவரோ இல்லை, செருப்பு. பழைய கிணறுகளின் சேற்றுக்குள் கிடந்து மக்காமல் வந்த ரோமானியத் தோல் காலணிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பெரிய ஆளுடையது, பெண்களுடையது, உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைச் செருப்பு. அடியில் இரும்பு ஆணி அடித்த சிப்பாய்ச் செருப்பைக் குனிந்து பார்த்து, “எங்க தாத்தா செருப்புல இப்படித்தான் லாடம் இருக்கும், வர்றது தெருமுனையிலயே கேக்கும்” என்றார். அந்தப் பிள்ளைச் செருப்பு முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றிருப்பார்.

திரும்பும்போது அம்மாவைக் காணவில்லை. பார்த்தால், கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று கல். மதில் கல் இல்லை, தரையில் கொட்டிய சாதாரண ஜல்லி.

“யார் பேருக்கும்மா?”

“உனக்குத்தான். வாடகை அவ்வளவு குடுக்கேன்னு சொன்னல்ல.”

யாராவது ஊன்றுகோலோடு வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நாலாவது கல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.