ப்ரீஆம்ப் வாங்குவதற்கு முன்னால் கேபிளைப் பாருங்கள்

மூன்று வருடமாக என் பேஸ் கிட்டாரின் (ஜாஸ் பேஸ் என்கிற வகை) பிக்கப்பைத்தான், அதாவது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்குகிற பகுதியைத்தான், சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் வாசித்தால் கம்பியில் விரல் உரசுகிற ஓசை வரைக்கும் தெளிவாகக் கேட்கும், அதே கிட்டாரை மேடைக்கு எடுத்துப்போனால் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். பிக்கப்பை மாற்றலாமா, நல்ல ப்ரீஆம்ப் (கிட்டாருக்குள்ளேயே சிக்னலைப் பலப்படுத்துகிற சின்ன மின்சுற்று) ஒன்று போடலாமா என்று விலை விசாரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் காரணம் கிட்டாருக்கு வெளியே இருந்தது. வீட்டில் 3 மீட்டர் கேபிள், வால்யூம் முழுசாகத் திறந்திருக்கும். மேடையில் 10 மீட்டர் கேபிள், சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று வால்யூமைப் பாதிக்குக் குறைத்து வைத்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏன் என்று புரிந்துகொள்ள டோன் நாப், அதாவது கிட்டாரில் ஒலியின் கூர்மையை மாற்றுகிற திருகு, எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். என்னுடையது மாதிரி பேசிவ் பேஸில் பேட்டரி கிடையாது. காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பி, மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் ஒரு சின்ன மின் அலை பிறக்கிறது, அதுதான் மொத்த முதலும். டோன் நாப் என்பது வழக்கமாக 250 கிலோ ஓம் பாட் (திருகினால் மாறுகிற மின்தடை), அதோடு ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டும் சேர்ந்து சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கிளைப்பாதை. கெபாசிட்டர் வழியாக உயர்ந்த ஒலிகள் சுலபமாகப் போகும், தாழ்ந்த ஒலிகள் போகாது. நாபைக் குறைக்கக் குறைக்க அந்தப் பாதை திறக்கிறது, உயர்ந்த ஒலிகள், அதாவது ட்ரெபிள், அதில் வடிந்துவிடுகிறது. ஆக, பேசிவ் டோன் நாபால் எதையும் கூட்ட முடியாது. 10-இல் வைத்தால் ட்ரெபிள் கூடுகிறது என்று நினைப்போம், உண்மையில் வடிகால் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, அவ்வளவே.

ஆனால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாபை முழுக்கக் குறைத்தால் ட்ரெபிள் போவதோடு நிற்காது, பிக்கப் சுருளும் அந்தக் கெபாசிட்டரும் சேர்ந்து சில நூறு ஹெர்ட்ஸில் ஒரு சின்ன மேடு எழுப்பும். டோனை முழுக்கக் குறைத்த பிறகு வருகிற அந்தக் கனத்த, கொழகொழவென்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கெபாசிட்டரைச் சிறிதாக்கி 0.022 போட்டால் அந்த மேடு கொஞ்சம் மேலே நகரும், கனம் குறைந்து மூக்கடைத்த மாதிரி இருக்கும். சிலருக்கு அதுதான் வேண்டும்.

சரி, கேபிளுக்கு வருவோம். கிட்டார் கேபிளும் ஒரு கெபாசிட்டர்தான். உள்ளே ஒரு கம்பி, சுற்றி ஒரு வலை, நடுவில் காப்பு. மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 10 மீட்டருக்கு 1000 ஆகிவிடும். அதாவது நீளமான கேபிளைச் சொருகினாலே யாரும் கேட்காமல் இன்னொரு டோன் நாப் லேசாகத் திரும்பிய மாதிரி. இதில் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் சிக்னல் பாதையிலேயே பெரிய மின்தடை வந்து உட்காருகிறது, அந்தத் தடையும் கேபிளும் சேர்ந்து ட்ரெபிளை இன்னும் தின்கின்றன. என் போர்வைக்கு விளக்கம் இதுதான்.

இங்கேதான் ப்ரீஆம்பின் முதல் வேலை தெரியவருகிறது. நாம் எல்லோரும் அதை ஈக்யூ, அதாவது ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி, என்றே நினைக்கிறோம், பேஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (நடு ஒலி), ட்ரெபிள் என்று மூன்று நாப் கண்ணுக்குத் தெரிகிறதே. அதற்கு முன்னால் அது ஒரு தடுப்புச் சுவர். பிக்கப் பார்ப்பது மெகா ஓம் அளவில் இருக்கிற ப்ரீஆம்பின் வாசலை மட்டும், கேபிளை அது பார்ப்பதே இல்லை. மறுபக்கம் ப்ரீஆம்பிலிருந்து வெளியேறும் சிக்னல் பலமானது, 10 மீட்டர் என்ன, 15 மீட்டர் கேபிள் போட்டாலும் அசையாது. அலெம்பிக் நிறுவனம் 1970களின் தொடக்கத்திலேயே பேஸ் கிட்டாருக்குள் ஆக்டிவ், அதாவது பேட்டரியில் ஓடுகிற, மின்சுற்று வைத்தது, ஆனால் அது கைவேலைப்பாடு, விலை எட்டாது. 1976-இல் லியோ ஃபெண்டர் பங்கிருந்த மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே பேஸ் வந்த பிறகுதான் கடையில் வாங்குகிற சாதாரண வாசிப்பாளன் கைக்கு அது வந்தது. ஒரு பெரிய ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), வால்யூம், ட்ரெபிள், பேஸ், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அந்தப் பளிச்சென்ற சத்தம் வெறும் ட்ரெபிள் பூஸ்ட் இல்லை, எதுவும் வழியில் தொலையாததும் அதில் பாதி.

ஈக்யூவில் நான் செய்த தப்பு பேஸ் நாப். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அதைத் திருகினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் 12 டெசிபெல் ஏற்றுவது என்றால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப் 16 மடங்கு சக்தி தர வேண்டும். 100 வாட் ஆம்ப் அதற்கு எங்கே போகும்? திறந்த ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், பல ப்ரீஆம்ப்களின் பேஸ் நாப் 40 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் தூக்குகிறது, நம் ஸ்பீக்கர்களில் பாதி அந்த இடத்தில் மூச்சுத் திணறும். 82, 123 என்று மேலே இருக்கிற துணை ஒலிகளைக் கேட்டே நம் காது அந்த 41-ஐக் கட்டிக்கொள்கிறது. ஒருமுறை மிக்ஸர் பக்கம் இருந்த அண்ணன் மைக்கில் சொன்னார், "தம்பி, லோவைக் குறைச்சிட்டு மிட்டைக் கொஞ்சம் ஏத்துங்க, அப்பதான் நீங்க இருக்கிறது தெரியும்." கோபம் வந்தது, ஆனால் செய்தேன். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து இறங்கியபோது முதல் தடவையாக என் ஒவ்வொரு சுரமும் எனக்கே கேட்டது. 400, 800 ஹெர்ட்ஸ் இரண்டில் எதைத் தூக்குவது என்று ஒரு சுவிட்ச் வைத்த ப்ரீஆம்ப்கள் உண்டு. 400 உடம்பு, 800 உச்சரிப்பு. நான் பெரும்பாலும் 800.

அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸில் ப்ரீஆம்ப் கிடையாது, டோனை முழுசாகத் திறந்தே வைத்திருந்தார். அவர் சத்தத்தின் கதகதப்பு பழைய ஃபிளாட்வுண்ட் (வழவழப்பாகச் சுற்றிய) கம்பியிலும் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் வைத்த ஸ்பாஞ்சிலும் விரலிலும் இருந்தது. மின்சுற்றைப் பற்றி இவ்வளவு பேசும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அப்புறம் பேட்டரி. ஆக்டிவ் பேஸில் ஜாக்கில் கேபிளைச் சொருகுவதுதான் ஆன் சுவிட்ச். வாசித்து முடித்தபின் பிடுங்காமல் விட்டால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். தீரும் தருவாயில் சத்தம் உடனே நிற்காது, பலமாக அடிக்கிற சுரங்கள் மட்டும் கிழியும், ஆம்ப் கெட்டுவிட்டது என்று தோன்றும். ஸ்டிங்ரே மாதிரி பேசிவ் சுவிட்ச் இல்லாத கிட்டாரென்றால் அடுத்த கட்டம் மௌனம்தான். பேட்டரி மாற்றிய தேதியை ஒட்டுக்காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுகிறேன்.

கடைசியில் நானும் ப்ரீஆம்ப் போட்டேன், பேசிவுக்குத் திரும்புகிற சுவிட்சோடு, பழைய டோன் நாபையும் எடுக்காமல். நீங்கள் பணம் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு மாலை ஒதுக்குங்கள். அதே கிட்டார், அதே ஆம்ப், வால்யூம் முழுசாகத் திறந்து, முதலில் 3 மீட்டர் கேபிள், பிறகு நீங்கள் மேடையில் போடுகிற நீளக் கேபிள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் காலடியில் வைக்கிற ஒரு பஃபர் பெடலே (ப்ரீஆம்பின் தடுப்புச் சுவர் வேலையை மட்டும் செய்வது) போதும், கிட்டாரிலிருந்து அந்தப் பெடல் வரைக்கும் குட்டைக் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.