“62 தப்பா, சார்?”

பங்குகளை மதிப்பிடச் சொல்லித்தரும் என் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவி வந்து கேட்டாள்: “சார், நான் முதல்ல போட்ட 62 தப்பா?” நான் சொன்னேன்: “தப்புன்னு சொல்லலம்மா. சந்தைக்கும் ஏதாவது தெரிஞ்சிருக்கும்ல?” மாதங்கள் ஓடிவிட்டன. அந்தப் பதில் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

பயிற்சியை யோசித்துத்தான் அமைத்திருந்தேன். நிறுவனத்தின் பெயரையும் பங்கு விலையையும் மறைத்து, நிதி அறிக்கைகளை மட்டும் கொடுத்து, ஒரு பங்கு எவ்வளவு பெறும் என்று மதிப்பிடச் சொல்வேன். விலை முன்கூட்டியே கண்ணில் பட்டால் கணக்கு அதை நோக்கியே நகரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. எல்லாரும் முடித்ததும் பங்கின் சந்தை விலையைப் பலகையில் எழுதினேன்: 85. பெரும்பாலானவர்கள் எண்பதை ஒட்டி இருந்தார்கள். அவளுக்கு 62. “ரொம்ப இடிக்குதே, எங்கயாவது விட்டுட்டியா பாரும்மா” என்றேன். பத்தே நிமிடத்தில் 82 என்றாள். “ம், இப்ப சரி.”

கணக்குத்தாளில் அவள் மாற்றியது ஒரே ஒரு செல். நிரந்தர வளர்ச்சி விகிதம், அதாவது நிறுவனத்தின் பணவரவு காலத்துக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு வளரும் என்ற அனுமானம், 4 சதவீதமாக இருந்தது, 6 ஆகியிருந்தது. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 11 சதவீதமாக இருக்கும்போது இந்த மாற்றம் இறுதி மதிப்பை (ஆண்டுவாரியாகக் கணித்த காலத்துக்குப் பிந்தைய பணவரவின் மதிப்பை) 40 சதவீதத்துக்கு மேல் தூக்கிவிடும். ஏன் 6 என்று நான் கேட்கவில்லை. முதலில் ஏன் 4 என்றும் கேட்கவில்லை.

அதே வகுப்பின் பின்பாதியில்தான் நங்கூர விளைவு பாடம்: முதலில் கண்ணில் பட்ட எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுப்பது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1974-ல் எழுதிய சக்கரக் கதையைச் சொன்னேன். சக்கரம் 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி செய்து வைத்திருந்தார்கள். அதைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65 பார்த்தவர்களுக்கு 45. வகுப்பே சிரித்தது. அவள் சிரித்தாளா என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், வரவில்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. விலை ஒன்றும் சுழல்சக்கரம் இல்லை. எத்தனையோ பேர் தங்கள் பணத்தை வைத்துச் சொன்ன கருத்து அது. அதிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்பவர் தன் கணக்கைத் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

ஆனால் எண்பதை ஒட்டி நின்றவர்களை நான் ஏன் திரும்பப் பார்க்கச் சொல்லவில்லை? ஒருவன் நடைமுறை மூலதன (அன்றாடத் தொழிலில் முடங்கும் பண) மாற்றத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தான். விடைத்தாள் திருத்தும்போதுதான் கண்டேன். வகுப்பில் அவன் திரையை எட்டிப் பார்த்து, எண் 85-க்குப் பக்கத்தில் இருந்ததால், தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

பிற்பாடு அந்தப் பங்கின் விலையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். 62-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அன்று அவளை மட்டும் திரும்பப் பார்க்கச் சொன்னது சரியா என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதையும் நானே வகுப்பில் சொல்லித்தருகிறேன்.

இப்போதெல்லாம் விலையைப் பார்த்த பிறகு எந்த எண்ணை மாற்றினாலும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். எழுதுகிறார்கள். எல்லாமே நல்ல காரணங்கள்.