ஆரல்வாய்மொழியில் சாய்ந்த ரயில்

கடந்த ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நடந்த ஒரு படப்பிடிப்பில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்தேன். பின்னணியில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல, முன்னால் ரயில் கடந்து போக வேண்டும் என்பதே காட்சி. சென்னையிலிருந்து வாடகைக்கு வந்திருந்தது ஓர் 8கே கேமரா; படத்தின் அகலத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் புள்ளிகளைப் பதிவது. அகலமாக எடுத்துவைத்து, வேண்டிய பகுதியைப் படத்தொகுப்பில் 4கே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று இயக்குநர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் பிழையில்லை. 8192க்கு 4320 என்ற அளவில் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் புள்ளிகள் கிடைக்கின்றன. 4கே அதில் கால் பங்குதான்.

ஆனால் முதல் டேக்கை மானிட்டரில் ஓட்டிப் பார்த்தபோது, காற்றாலைத் தூண்கள் செங்குத்தாக நிற்க, ரயில் பெட்டிகளின் ஜன்னல்கள் மட்டும் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறோம். சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை; மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துக்கொண்டு வருகிறது. அதற்கு 15 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடும் ரயில் அதற்குள் 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பெட்டியின் கூரை ஓரிடத்திலும் அடிப்பகுதி வேறோரிடத்திலும் பதிவாகும். ஷட்டர் கோணத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, குறைத்தால் சரியாகுமா என்று இயக்குநர் கேட்டார். அசைவின் மங்கல் குறையுமே தவிர, சாய்வு நிமிராது.

கடைசியில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படிக்கும் 4கே நிலைக்கு மாற்றினோம். வரிகள் பாதியானதால் படிக்கும் நேரமும் பாதியாயிற்று. பார்வைக் கோணம் சுருங்கிவிட்டதால் லென்ஸையும் அகலமானதாக மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த ரயிலுக்காக, நிற்கவிடாத அந்தக் காற்றில் கேமராவின் முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி காத்திருந்தோம். 8கே வாடகை கொடுத்து 4கே எடுத்த கதை இது.

முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் சினிமா கேமராக்கள் இல்லாமல் இல்லை. ரெட் நிறுவனத்தின் 6கே கொமோடோ 2020இலும், 8கே வி-ராப்டர் எக்ஸ் 2024இலும் வந்தன. ரயிலுக்கு மட்டும் என்றால் அவற்றில் ஒன்றையே கேட்டிருப்பேன்.

மறுநாள் விடியற்காலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் வேறு சிக்கல். சூரியன் நேர் எதிரே எழுகிறது. கரையில் வள்ளத்தைத் தள்ளுகிறவர்களின் முகமோ இன்னும் இருட்டில் இருக்கிறது. கேமரா வாங்கும் ஒளியின் அளவை முகத்துக்கு ஏற்ப வைத்தால் வானம் வெளுத்துப்போகிறது, வானத்துக்கு ஏற்ப வைத்தால் முகம் கரியாகிறது. இங்கே கை கொடுப்பது, இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் விவரம் கெடாமல் பதிவு செய்யும் திறன், அதாவது டைனமிக் ரேஞ்ச்தான். 2010இல் வந்த ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா கேமராவின் படம் 2.8கே அளவுதான், ஆனாலும் வெளிச்சம் மிகுந்த பகுதியை அது மென்மையாகக் கையாண்ட விதத்துக்காகவே ஒளிப்பதிவாளர்கள் பல ஆண்டுகள் அதை விடவில்லை. 2022இல் வந்த அலெக்ஸா 35, 4.6கே அளவோடு 17 ஸ்டாப் டைனமிக் ரேஞ்ச் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு) தருவதாக அந்நிறுவனம் சொல்கிறது.

புள்ளிகள் கூடினால் இரவில் நமக்கு வேலையும் கூடுகிறது. புள்ளிக்கு 12 பிட் வீதம், சென்சார் தருவதை அப்படியே வைத்துக்கொள்ளும் சுருக்காத 8கே ரா பதிவு என்றால் ஒரு ஃபிரேமுக்கு 53 எம்.பி., விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஒரு மணி நேரத்துக்கு நாலரை டெராபைட்டுக்கு மேல் வரும். சுருக்கிப் பதிவு செய்தும்கூட, நாகர்கோவில் லாட்ஜ் அறையில் கார்டுகளை இரண்டு டிரைவ்களில் நகலெடுத்துச் சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது. நடுவே இருமுறை மின்சாரம் போனது தனிக்கதை.

அடுத்த படப்பிடிப்பு முட்டத்தில், பாறைகளுக்கு நடுவே, மாலை வெயிலில். எந்தக் கேமரா வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அலெக்ஸா 35 என்று எழுதி, கீழே உப்புக்காற்றுக்காக லென்ஸுக்கு முன்னால் போடும் கிளியர் ஃபில்டர் இரண்டையும், துடைக்கும் துணி ஒரு டஜனையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.