ஏரிக்குப் பணம் தருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது வரத்துக் கால்வாயை

ஏரிக்கு நிதி என்றதும் மதிப்பீட்டில் முதலில் ஏறுவது பொக்லைன் வாடகைதான். ஒரு ஹெக்டேரில் ஓரடி வண்டல் எடுத்தால் சுமார் 3,050 கன மீட்டர் மண். மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் 360 நடை. நாற்பது ஹெக்டேர் ஏரி என்றால் வந்த பணம் முழுவதும் அந்த ஓரடிக்கே போய்விடும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடந்தால், தோண்டிய பள்ளத்துக்குத் தண்ணீரும் வராது.

ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடமும், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் அனுமதி வாங்குங்கள். சர்வேயரைக் கொண்டு ஏரியின் எல்லையையும் கால்வாயையும் அளந்து கல் நடுங்கள். கால்வாய், கலங்கல் (மிகை நீர் வழியும் இடம்), மடை (பாசனத்துக்குத் திறக்கும் மதகு), கரை என்று வேலை நகரட்டும். வண்டல் கடைசியில்தான்.

அதையும் ஏரி முழுக்க ஒரே ஆழத்துக்குச் சுரண்டக் கூடாது. மடை மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான் உதவும். அதற்கு ஓரிரு பள்ளங்கள் போதும். கரையடியில் தோண்டினால் கரை பலமிழந்து சரியும். நாரையும் உள்ளானும் இரை தேடுவது கணுக்கால் தண்ணீரில். அந்த ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டு நடுவே திட்டு கட்டி மரம் நட்டால் மட்டும் பறவை தங்காது. சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுங்கள். கூடு தாங்கும் நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். வேடந்தாங்கல்காரர்களுக்கு இது புதிதல்ல. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்டவர்கள், 1798-லேயே கலெக்டரிடம் எழுத்துமூலம் பாதுகாப்பு வாங்கினார்கள்.

பெரும்பாலான திட்டங்கள் தோற்பது திறப்பு விழாவுக்குப் பிறகுதான். மடைக் கதவுக்குக் கிரீஸ் போடவும், மழைக்கு முன் கால்வாய்ச் செடி வெட்டவும், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுக்கவும் எந்த நன்கொடையிலும் பணம் ஒதுக்குவதில்லை. ஆண்டுச் செலவு 70,000 ரூபாய் என்றால், 7 விழுக்காடு வட்டிக்கு 10 லட்சம் வைப்பு நிதி வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை 2021 முதல் இப்படி வைப்பு நிதிக்குக் கொடுக்க முடியாது என்பதால், மற்ற நன்கொடையாளர்களிடம் இதையும் சேர்த்துக் கேளுங்கள். பாசனச் சங்கத்தின் பெயரில், அசலைத் தொடாத நிபந்தனையோடு போடுங்கள்.

மீன் குத்தகையில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்கு வரும்படி, குத்தகை விடும் அலுவலகத்தோடு பேசி ஏற்பாடு செய்யலாம். குத்தகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது, மீன் பிடிப்பதற்காகக் கோடையில் மடையைத் திறந்து ஏரியை வடிக்கக் கூடாது. குறைந்தபட்ச நீர்மட்டத்தை மடைச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டுக் குறித்துவிட்டால் பிறகு தகராறு வராது.