ஏணிக்காலில் ஒரு கோடு

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் எங்கள் மரப் பட்டறை. ஆறு மாதத்துக்கு முன்னால் பழைய பலகை ஒன்றில் இருந்த ஆணியைக் கவனிக்காமல் இழைப்பு மிஷினுக்குள் விட்டுவிட்டேன். பிளேடில் சின்னதாக ஒரு கொத்து. அதற்கப்புறம் உள்ளே போன பலகையிலெல்லாம் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி மயிரிழை போல ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும்.

போன வாரம் ஈசூனிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். அலமாரித் தட்டு வளைந்துவிட்டதாம். "அது நம்ம பட்டறைச் சாமானா இருக்காதுக்கா" என்று சாதித்தேன். நேரில் போய்த் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவினேன். அதே மேடு. மேற்கொண்டு பேச வாய் வரவில்லை.

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது, பேர்பெற்ற அமெரிக்க விமானி லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திய வழக்குதான் மனதில் ஓடியது. அமெரிக்காவில் பணத்துக்காகப் பிள்ளை கடத்துவது அதற்கு முன்பே இருந்ததுதான். 1900-இல் ஒமாஹாவில் இறைச்சி வியாபாரி கூடஹியின் மகனைத் தூக்கிப்போய் 25,000 டாலரைத் தங்கமாகவே வாங்கினார்கள். பையன் பத்திரமாக வீடு திரும்பினான். நம்மூரிலும் தவுக்கேகளை, அதாவது பணக்கார முதலாளிகளை, கடத்திய காலம் உண்டு, 1961-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

லிண்ட்பர்க்கின் பிள்ளை திரும்பவில்லை. 1932 மார்ச் 1 இரவு, நியூ ஜெர்சி ஹோப்வெல் வீட்டு மாடியிலிருந்து இருபது மாதக் குழந்தையைத் தூக்கினார்கள். 50,000 டாலர் கொடுத்தும், மே மாதம் பிணம்தான் கிடைத்தது. கடத்தியவன் விட்டுப்போனது ஒரு மர ஏணி, மூன்று துண்டாகச் செய்தது, ஒரு கால் பிளந்திருந்தது.

அந்த ஏணியை ஆர்தர் கோலர் என்ற மர நிபுணர் கையில் எடுத்தார். இழைப்புத் தடத்தை வைத்தே, எந்த மிஷின், அதில் எத்தனை பிளேடு என்று கணக்குப் போட்டார். மேலும் கீழும் எட்டெட்டு, பக்கத்துக்கு ஆறு. 1,500-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு விசாரித்து எழுதி, தென் கரோலினாவில் மக்கார்மிக் என்ற ஊரிலிருந்த ஆலையைப் பிடித்தார். அங்கிருந்து மரம் போன கடைகளைத் தேடித் தேடி நியூயார்க் பிராங்ஸில் ஒரு மரக்கடைக்கு வந்து நின்றார். அதற்கு மேல் போக வழியில்லை. ரொக்க வியாபாரம், வாங்கியவன் பேரை யார் எழுதி வைப்பார்கள்?

ஆளைக் காட்டிக் கொடுத்தது பிள்ளையை மீட்கக் கொடுத்த அந்தப் பணம். 1934 செப்டம்பரில் பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர், அரசாங்கம் அப்போது திரும்பப் பெற்றுவிட்டிருந்த தங்கப் பத்திர நோட்டு ஒன்றை நீட்டியவனின் கார் நம்பரை அந்த நோட்டிலேயே குறித்துவைத்தார். சிக்கியவன் புரூனோ ஹாப்ட்மன், தொழில் தச்சு! கராஜில் ஏறக்குறைய 14,000 டாலர் மறைத்து வைத்திருந்தான். கோலர் அவன் வீட்டுப் பரணில் ஏறினார். தரைப் பலகையில் ஒரு துண்டு குறைந்தது. ஏணிக்காலை அங்கே வைத்தால் நான்கு ஆணி ஓட்டையும் கீழ்ச் சட்டத்தின் ஓட்டைகளோடு சரியாகப் பொருந்தின.

ஏணியை நீ செய்தாயா என்று கோர்ட்டில் கேட்டதற்கு, "நான் தச்சன்" என்றானாம். இவ்வளவு மட்டமாகவா செய்வேன் என்ற அர்த்தத்தில். 1936 ஏப்ரல் 3-இல் மின்நாற்காலியில் உயிர் போனது. அவன் குற்றவாளி இல்லை என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரக்கடை இருக்க எந்தத் தச்சன் சொந்தப் பரணை அறுப்பான் என்பது அவர்கள் கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு துண்டு குறைந்தால் அறுப்பான். நானே கட்டில் பலகையை அறுத்திருக்கிறேன்.

அக்காவுக்குப் புதுத் தட்டு போட்டுக் கொடுத்தாயிற்று. பிளேடையும் மாற்றியாயிற்று. வளைந்த தட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடக்கும்போது விரல் தானாக அந்த மேட்டுக்குத்தான் போனது.