ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முன் லைற்: எச்4 கண்ணாடியும் இரண்டு றிலேயும்

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களில் முன் லைற் மங்கினால், உடனே 100 வாற் பல்ப்போ எல்ஈடியோ வாங்கத்தான் பலருக்கும் மனம் போகிறது. அந்தக் காசை வைத்துக்கொண்டு முதலில் மீற்றரை எடுங்கள்.

கேம்பிரிட்ஜ் ஏ55 ஒன்றில் டிம் லைற்றைப் போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்ததில் பற்றறியில் 13.2 வோல்ற், பல்ப்பில் 11.3. தொலைந்த 1.9இல் 1.4 சுவிச் பக்கம், 0.5 ஏர்த் பக்கம், அதாவது மின்சாரம் காரின் தகரம் வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் பக்கம். இழை பல்ப்பின் வெளிச்சம் வோல்ற்றின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கோடு ஏறி இறங்கும். ஆகவே இந்த 1.9 வோல்ற் நாற்பது வீத வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. காரணம் தெளிவு: இரண்டு லைற்றுக்கும் வேண்டிய 9 அம்பியர் முழுவதும் டாஷ்போட் சுவிச்சுக்குள்ளாலும், காலால் மிதிக்கிற டிம் சுவிச்சுக்குள்ளாலும் போய் வருகிறது. மிதிக்கிற இடத்தில் மழைத்தண்ணியும் மணலும் சேராமல் இருக்குமா?

ஏர்த்தைச் சரிசெய்யச் செலவே இல்லை. கறுப்பு வயரைக் கழற்றி, அது பூட்டியிருந்த இடத்தில் காரின் தகரத்தை மினுங்கும்வரை எமறி பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வசலீன் பூசவேண்டும். கடற்காற்றுக்குப் பச்சை பிடிக்கிற ஊரில் வசலீனை விட்டுவிடக் கூடாது.

சுவிச் பக்கத்துக்கு றிலே வேண்டும்: சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்துகிற சுவிச் அது, டிம்முக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. சாமான்கள்: எச்4 என்கிற இரண்டு இழை ஹலஜன் பல்ப்புக்கான 7 அங்குலக் கண்ணாடி இரண்டு, 60/55 வாற் எச்4 பல்ப் இரண்டு, 30 அம்பியர் றிலே இரண்டு, 15 அம்பியர் பியூஸ் இரண்டு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். றிலேயையும் சொக்கற்றையும் கழித்த ஜப்பான் வாகனங்களிலிருந்து எடுத்தால் மலிவு. கண்ணாடியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குரியதாக இருக்கவேண்டும். சுவரில் அடித்தால் டிம் வெளிச்சம் இடது பக்கம் மேலேறவேண்டும். வலது பக்கம் ஏறினால் எதிரே வருபவரின் கண்ணில்தான் குத்தும். வாங்கமுன் லைற் கிண்ணத்தின் ஆழத்தையும் அளந்து பாருங்கள், எச்4இன் பின்பக்கம் நீளம்.

இந்தக் கார்களில் பலவும் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ்தான் காரின் தகரத்தோடு பூட்டியிருக்கும் என்பதை மறக்கவே கூடாது. உயிர் வயர் பற்றறியின் நெகற்றிவ்விலிருந்து வரும். இழை பல்ப்புக்கும் சாதாரண றிலேக்கும் அது பொருட்டல்ல. ஆனால் உள்ளே டயோட் (ஒரு பக்கம் மட்டும் கடத்துவது) வைத்த றிலேயில் சுருளின் இரண்டு முனைகளான 85, 86 மாறினால் டயோட் நேராகக் கடத்தி எரிந்துபோகும். றிலேயின் மூடியில் டயோட் குறி போட்டிருந்தால் வாங்காதீர்கள். எல்ஈடியோ, ஏர்த் மாறினால் ஒன்றில் எரியாது அல்லது பழுதாகும். சரியாக எரிந்தாலும், ஒளிப்புள்ளி எச்4 இழை இருக்கவேண்டிய இடத்தில் அமையாவிட்டால் வெளிச்சம் சிதறும்.

பற்றறியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உயிர் முனையிலிருந்து பியூஸ், அதிலிருந்து றிலேயின் 30ஆம் முனை. பியூஸ் பற்றறிக்குக் கிட்ட இருக்கட்டும். இடையிலுள்ள வயர் உரசினால் அதைக் காக்க எதுவுமில்லை. 87இலிருந்து இரண்டு லைற்றுக்கும். 85 ஏர்த். பழைய லைற் வயரை 86க்குக் கொடுக்கவேண்டும்: நீலம்‑சிவப்பு டிம்முக்கு, நீலம்‑வெள்ளை ஹைக்கு. ஒரு பக்கத்து வயரே போதும், மற்றதை நுனி மூடிச் சுருட்டி வைக்கலாம். வயர் மாற்றிய கார்களில் நிறத்தை நம்பாமல் ரெஸ்ற் லைற்றால் பாருங்கள். எச்4 பல்ப்பில் மேலே கிடையாக இருக்கும் கால் டிம். மற்ற இரண்டையும் பற்றறியில் தொட்டுப் பார்த்தே உறுதிசெய்யவேண்டும். இனிப் பழைய சுவிச்சுக்குள்ளால் போவது றிலேச் சுருளுக்கான 0.15 அம்பியர் அளவுதான்.

பூட்டியபின் இழப்பு 0.35 வோல்ற். கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் வீதியில் இந்த வித்தியாசம் பெரிது.

100 வாற் பல்ப் ஏன் வேண்டாம் என்றால், சி40 டைனமோ கொடுப்பது கூடியது 22 அம்பியர், அதுவும் எஞ்சின் வேகம் எடுத்தபின். 100 வாற் இரண்டு பல்ப் மட்டும் 16 அம்பியருக்கு மேல் கேட்கும்.

கடைசியாகத் திசை. ரயருக்குக் காற்று அடித்து, சாரதி இருக்கையில் ஒருவரை இருத்தி, சுவரிலிருந்து 5 மீற்றரில் நிறுத்துங்கள். டிம்மின் மேல்விளிம்பு லைற்றின் நடுமட்டத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே விழவேண்டும். அடுத்த வேலை பின்பக்கம்: 21 வாற் பிறேக் பல்ப்பின் ஏர்த்தையும் இதேபோல் அளந்து பார்க்கவேண்டும்.